நம்மாளு யாரு?

படிவம் இரண்டில் கிள்ளான் போரை மனப்பாடம் செய்துதான் தேறினேன். ராஜா மஹாடி, தெங்கு குடின், யாப் ஆ லோய் என்று நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார், "இதுல நம்மாளு யாருடா?" யாருமில்லை என்றேன். "அப்ப பரீட்சையோட விட்டுடு."

அப்பா மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடையில் இருபது வருடம் நின்றவர். போன மாதம் எனக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. அதே தெருவில் தே தாரிக் குடித்தபடி சொன்னார், "போயிடு. இங்க நமக்குன்னு என்ன இருக்கு?"

நிமிர்ந்தால் கோலாலம்பூர் கோபுரம் தெரிந்தது. அது நிற்கும் புக்கிட் நானாஸ் குன்றில்தான் 1872-இல் தெங்கு குடினின் படை முற்றுகையில் சிக்கியது. உள்நாட்டில் தோண்டும் ஈயம் முழுக்க ஆற்று வழியாகக் கிள்ளானுக்கு இறங்க வேண்டும். அங்கே வரி வசூலிப்பது யார் என்று 1867-இல் தொடங்கிய சண்டை இந்தக் குன்றுவரை வந்திருந்தது. மஹாடி பக்கத்து சையது மஷோர் சுற்றி வளைத்தார். தப்பியோடியவர்களை வழியில் மடக்கிக் கொன்றார்கள். ஆகஸ்டில் ஊர் விழுந்தது, எரிந்தது. குடின் பக்கம் நின்ற யாப் ஆ லோய் கிள்ளானுக்கு ஓடினார். 1873 மார்ச்சில் பகாங் படையின் துணையோடு ஊர் மீண்டது. அவர் சாம்பலுக்குத் திரும்பி வந்தார்.

பள்ளிப் புத்தகத்தில் நான் கவனிக்காதது அடுத்த பக்கம். சண்டையில் களைத்துப்போன சிலாங்கூருக்குள் 1874-இல் ஆங்கிலேயர் ஆலோசனை சொல்ல நுழைந்தார்கள். 1886-இல் கிள்ளான் பக்கம் ரயில் ஓடியது. தண்டவாளத்துக்கும் தோட்டத்துக்கும் கப்பலில் ஆள் எடுத்தார்கள். என் கொள்ளுத்தாத்தா அப்படி வந்தவர்தான். நாம் இல்லாத சண்டையின் கணக்கில்தான் நாம் வந்திருக்கிறோம்.

யாருமில்லை என்று நான் சொன்னதும் சரியில்லை. இந்தத் தெருவின் பள்ளிவாசல் 1863-இல் இந்திய முஸ்லிம்கள் எழுப்பியது என்பார்கள். அப்படியானால் ஊர் எரிந்தபோது அதற்கு ஒன்பது வயது.

எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் கிளாஸையே சுற்றிக்கொண்டிருந்தார்.

"எரிஞ்ச ஊருக்கு அந்தச் சீனன் ஏன்டா திரும்பி வந்தான்?"

"கடன்ப்பா. ஈயச் சுரங்கத்துல போட்ட காசு. 1879-ல விலை ஏறுற வரைக்கும் தவிச்சாரு."

"கடன் இருந்தா எங்க போறது" என்று சிரித்தார். பிறகு, "நீ எப்ப பதில் சொல்லணும்?"

வெள்ளிக்கிழமை என்றேன். அவர் இன்னொரு தே தாரிக் சொன்னார்.