தேனீக்கு வீடு கட்டிப் பார்!

தேனீ என்றதும் நம் நினைவுக்கு வருவது பெரிய அடையும் அதை மொய்க்கும் கூட்டமும்தான். ஆனால் உலகில் உள்ள சுமார் 20,000 வகைத் தேனீக்களில் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதே இல்லை! ராணி கிடையாது, வேலைக்காரத் தேனீ கிடையாது. ஒவ்வொரு பெண் தேனீயும் தனியாகக் கூடு கட்டி, மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, சில வாரங்களில் இறந்துவிடும். பெரும்பாலும் தன் பிள்ளைகளின் முகத்தைக்கூட அது பார்ப்பதில்லை.

இவற்றில் பல வகைகள் மண்ணில் வளை தோண்டுபவை. சில மட்டும் மரத்துளை, நாணல் தண்டு என்று ஆயத்த வீடு தேடும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தோட்டங்களில் மூங்கில் குழாய்களை அடுக்கி வைக்கும் 'தேனீ ஹோட்டல்' இவற்றுக்காகத்தான்.

சரி, தேனீ எந்த அறையைப் பிடிக்கும்? அது பார்ப்பது அழகை அல்ல, அகலத்தையும் ஆழத்தையும்!

பிரான்ஸைச் சேர்ந்த ழான் ஆன்றி ஃபாப்ர் (1823-1915) ஓஸ்மியா என்ற தனித்தேனீக்கு நாணல்களையும் கண்ணாடிக் குழாய்களையும் கொடுத்துப் பார்த்தார். நீளமான குழாயில் தாய்த்தேனீ முதலில் உட்பக்கம் பெண் முட்டைகளை இட்டது. வாசல் பக்கம் ஆண் முட்டைகளை இட்டது. உருவத்தில் சிறிய ஆண்கள்தான் வசந்தத்தில் முதலில் வெளியே வருவார்கள். கருவுற்ற முட்டை பெண், கருவுறாதது ஆண். எதை இடுவது என்பது தாயின் கையில்! குறுகலான குழாய்களைக் கொடுத்தபோது, பிறந்தவை ஆண்கள்தான்.

இங்கேதான் சிக்கல். நல்ல மனதோடு ஒருவர் கடையில் கூடு வாங்கி மாட்டுகிறார். குழாய்கள் ஐந்தாறு சென்டிமீட்டர்தான். எல்லா வாசல்களும் மண்ணால் அடைபட்டதும், "வீடு நிறைந்துவிட்டது" என்று மகிழ்கிறார். உள்ளே பெரும்பாலும் ஆண்கள். அடுத்த தலைமுறையைப் பெற்றெடுக்க யார் இருக்கிறார்கள்?

கனடாவின் டொராண்டோ நகரில் ஏறத்தாழ 600 ஹோட்டல்களை மூன்று ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2015-ல் வெளியானது. அதில் உள்ளூர்த் தேனீக்களை விடக் குளவிகளே அதிகம் குடியேறியிருந்தன. வந்த தேனீக்களிலும் ஏறக்குறைய பாதி வெளிநாட்டு வகைகள்!

அதற்காக ஹோட்டலே வேண்டாம் என்பதல்ல. அமெரிக்காவின் பழத்தோட்டங்களில் வளர்க்கும் ஓஸ்மியாவுக்குச் சுமார் 8 மில்லிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் ஆழம், பின்பக்கம் மூடிய குழாய் என்று கணக்கு இருக்கிறது. பிளாஸ்டிக் குழாயில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பழைய குழாய்களை மாற்றாவிட்டால் உண்ணிகள் பெருகும்.

தோட்டத்தில் ஒரு மூலையைக் கொத்தாமல் வெறும் மண்ணாக விட்டுவைப்பதும் உதவிதான். வளை தோண்டும் தேனீக்களுக்கு அதுவே வீடு. காசு செலவில்லை!

உதவி செய்ய நல்ல மனது மட்டும் போதாது. குடிவரப் போகிறவருக்கு என்ன தேவை என்று முதலில் கேட்க வேண்டும். தேனீயால் வாய் திறந்து சொல்ல முடியாது. அது இட்ட முட்டைகள் சொல்லும்.