சாத்தாங்காட்டு வாண வேடிக்கை

வாணத்தைக் கண்டு தலை நிமிராத மனிதன் உலகத்தில் இல்லை. கோயில் திருவிழாவில் ஒரு சீறிவாணம் மேலே கிளம்பட்டும். கடன் கொடுத்தவனும், அவனைக் கண்டு ஒதுங்கி நடக்கும் கடன்காரனும் தோளோடு தோள் உரச நின்று வானத்தைப் பார்ப்பார்கள். வாணம் வெடித்துப் பூவாய்ச் சொரிந்ததும் இருவர் வாயிலிருந்தும் ஒரே சமயத்தில் "ஆஹா!" என்ற சப்தம் எழும். அடுத்த நிமிஷமே கூட்டத்தில் யாராவது ஒருவர், "போன வருஷத்தது இதைவிட நன்றாயிருந்தது" என்று சொல்லிவிடுவார். வாண வேடிக்கை எவ்வளவு பழமையானதோ, இந்த இரண்டாவது வாக்கியமும் அவ்வளவு பழமையானதென்றே எண்ணுகிறேன்.

இவ்விரண்டு வாக்கியங்களையும் ஆராய்வதற்குச் சென்னையில் மிகவும் ஏற்ற இடம் சாத்தாங்காடு என்று சொன்னால் நேயர்களில் பலர் சிரிக்கக்கூடும். சாத்தாங்காட்டில் உல்லாசப் பூங்கா இல்லை, ராட்டினம் இல்லை, பிரயாணிகளுக்கான வழிகாட்டிப் புத்தகம் எதிலும் அவ்வூரின் பெயரைக் காண்பது அரிது. ஆயினும் இரவு நேரத்தில் வானத்தில் எரியும் தீயைப்பற்றி அங்குள்ளவர்களுக்குத் தெரிந்த அளவு வேறெவருக்கும் தெரியாது. ஒரு தீபாவளி மாலையில் அங்கே போயிருந்து நான் கற்றுக்கொண்ட விஷயம் இது.

தேரடியிலிருந்து மேற்கே

முன்னெல்லாம் வட சென்னைக்குப் போவதென்றால் லாரிகளின் நடுவே ஊர்ந்து போகவேண்டும். 2021-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரையில் நீட்டப்பட்ட பிறகு அந்தக் கஷ்டம் பெரிதும் குறைந்துவிட்டது. திருவொற்றியூர் தேரடி நிலையத்தில் இறங்கினால் தியாகராஜ சுவாமி கோயில் சமீபத்திலேயே இருக்கிறது. அங்கே ஆதிபுரீசுவரர் வருஷம் முழுவதும் கவசம் சாத்தியே காட்சி தருகிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மாத்திரம் கவசம் களைந்து தரிசனம் தருகிறார். அந்த மூன்று நாட்களிலும் திருவொற்றியூரில் கால் வைக்க இடமிராது. காணக் கிடைப்பது அரிதாயிருந்தால்தான் காட்சிக்கு மதிப்பு என்னும் ரகசியத்தை நம் முன்னோர்கள் நன்றாய் அறிந்திருந்தார்கள்.

விம்கோ நகர் என்ற பெயரையும் சற்று கவனிக்கவேண்டும். 'வெஸ்டர்ன் இந்தியா மாட்ச் கம்பெனி' என்பதன் சுருக்கம் அது. சுவீடன் தேசத்து முதலாளிகள் 1923-ல் ஸ்தாபித்த அந்தக் கம்பெனியின் தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்று இங்கே இருந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். அந்தத் தீக்குச்சியிலிருந்து மத்தாப்பு, மத்தாப்பிலிருந்து பட்டாசு என்று வளர்ந்து, சிவகாசி இன்று பாரத தேசம் முழுவதற்கும் வாணம் அளிக்கும் ஊராகிவிட்டது.

தேரடியிலிருந்து மேற்கே சென்று, ரயில் பாதையையும் பக்கிங்ஹாம் கால்வாயையும் கடந்தால் சாத்தாங்காடு வருகிறது. சாத்தன் என்பது ஐயனாருக்குப் பழைய பெயர். காடு இப்போது பெயரில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. மரங்கள் நின்றிருக்க வேண்டிய இடத்தில் இரும்பு நிற்கிறது. ஜார்ஜ் டவுனின் சந்துகளில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த இரும்பு வியாபாரத்தை நகரத்துக்கு வெளியே கொண்டுவருவதற்காகச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தார் ஏற்படுத்திய சந்தை இங்கேதான் உள்ளது. கம்பி, தகடு, கோணம், உத்தரம் என்று மலை மலையாகக் குவிந்திருக்கும். சாதாரண நாட்களில் தகட்டை வெட்டும்போது பறக்கும் தீப்பொறிகளே ஒரு வாண வேடிக்கைதான். பண்டிகை தினமானபடியால் நான் சென்ற அன்று சந்தை உறங்கிக்கொண்டிருந்தது.

மாடியில் ஒரு வழக்கு

என்னிடம் முன்பு படித்த மாணாக்கர் ஒருவர் அச்சந்தையில் கணக்கு எழுதுகிறார். அவருடைய வீட்டு மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். மாணாக்கரின் தாயார், அவரை 'ஆயா' என்று அழைக்கும் பேரக் குழந்தைகள், பக்கத்து வீட்டார் என்று ஒரு சிறு சபையே கூடிவிட்டது.

வாணம் விட சர்க்கார் அனுமதித்துள்ள நேரம் இரவு 7 மணி முதல் 8 மணி வரைதான். 2018-ல் உச்ச நீதிமன்றம், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமே பட்டாசு வெடிக்கலாம் என்று தீர்ப்பளித்த பிறகு தமிழ்நாட்டில் காலையில் ஒன்று, இரவில் ஒன்றாக அந்த நேரத்தைப் பிரித்திருக்கிறார்கள். சாத்தாங்காட்டுக் கடிகாரங்கள் எல்லாம் அன்றைக்கு மட்டும் சற்றுத் தாறுமாறாய் ஓடின என்பதை இங்கே குறிப்பிடாமல் விட்டுவிடுகிறேன்.

முதல் வாணம் கிளம்பியது. செம்மை ஸ்ட்ரான்ஷியத்தின் நிறம். மஞ்சள் சோடியத்தின் நிறம். நீலம் செம்பின் நிறம். நிறங்களில் நீலமே வரவழைக்கக் கடினமானது என்று குழந்தைகளுக்கு விளக்கினேன். வெளிச்சம் தெரிந்த பிறகு ஓசை வரும் வரையில் எண்ணச் சொன்னேன். மூன்று விநாடி எண்ணினால் வாணம் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் வெடித்ததாக அர்த்தம். "அது திருவொற்றியூர்!", "இது மணலி!" என்று அவர்கள் கூவத் தொடங்கிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு மாதத்தில் ஏறாத பாடம் பத்து நிமிஷத்தில் ஏறிற்று.

இதற்குள் பெரியவர்களிடையே ஒரு வழக்கு மூண்டுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர், "இதெல்லாம் ஒரு வாணமா, சார்? பெட்டியில் பற்றவைத்துவிட்டு ஓடி வந்துவிடுகிறார்கள். அது தானே நூறு தரம் சுடுகிறது. அந்தக் காலத்தில் சரவெடியைக் கையில் எடுத்துத் திரியைக் கிள்ளி, ஊதுவத்தியால் பற்றவைத்தால்தான் தீபாவளி" என்றார். என் மாணாக்கர், "அந்தக் காலத்தில் கண்ணுக்கு என்ன இருந்தது? காதுக்குத்தான் இருந்தது. இப்போது தெருவே சேர்ந்து பார்க்கிறது" என்று எதிர்வாதம் செய்தார். நான் தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது வாக்கியம் இதோ வந்துவிட்டதல்லவா?

பிளாரிடாவில் நடந்தது

அப்பொழுது மூத்த பேத்தி, செல்போனில் ஒரு காட்சியை எடுத்துக் காட்டினாள். அமெரிக்காவில் பிளாரிடா மாகாணத்திலுள்ள டிஸ்னி பூங்காவின் கோட்டைமேல் வாணங்கள் பாட்டுக்கு இசையப் பூத்துக்கொண்டிருந்தன. "எது அழகு, சார்? இதுவா, நம் தெருவா?" என்று கேட்டாள். பதில் சொல்வதற்குப் பதிலாக, மாடியில் நடந்த வழக்கே அங்கும் நடந்த வரலாற்றைச் சொன்னேன்.

அந்த மாஜிக் கிங்டம் பூங்காவில் 2017-ஆம் வருஷம் மே மாதம் முதல் 'ஹாப்பிலி எவர் ஆஃப்டர்' என்ற இரவுக் காட்சி நடந்துவந்தது. பூங்காவின் ஐம்பதாவது ஆண்டு விழாவுக்காக 2021 அக்டோபர் முதல் தேதி அதை நிறுத்திவிட்டு, 'என்சாண்ட்மெண்ட்' என்ற புதுக் காட்சியைத் தொடங்கினார்கள். புதியதில் வெளிச்சம் குறையவில்லை. கோட்டைக்கு எதிரேயுள்ள கடைத்தெருச் சுவர்களின்மேல்கூடச் சித்திரங்கள் ஓடின. ஆனாலும் ரசிகர்களில் அநேகருக்கு மனம் நிறையவில்லை. பழைய பாட்டைக் கேட்டுக் கண்ணீர் வடித்தவர்கள், புதியதைக் கண்டு கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். முடிவு என்ன? ஒன்றரை வருஷத்துக்குப் பின், 2023 ஏப்ரல் 3-ந் தேதி பழைய காட்சியே திரும்பி வந்தது.

அதற்கு அருகிலுள்ள எப்காட் பூங்காவின் கதை இன்னும் ரஸமானது. அங்கே ஓர் ஏரி. அதன்மேல் நடக்கும் 'ஹார்மோனியஸ்' என்ற புதுக் காட்சிக்காகப் பெரிய மிதவைகளைக் கட்டி நிறுத்தினார்கள். இரவில் அவை ஜொலித்தன. பகலில் ஏரியின் அழகையே மறைத்துக்கொண்டு கறுப்பாய் நின்றன. மெக்ஸிகோ தேசத்து மடித்த ரொட்டியின் பெயரை ரசிகர்கள் அவற்றுக்குச் சூட்டிப் பரிகசித்தார்கள். 2023-ல் காட்சியும் முடிந்தது, மிதவைகளும் அகன்றன. அவ்வருஷம் டிசம்பரில் வேறொரு காட்சி வந்தது.

"அப்படியானால் பார்க்க வந்தவர்கள் சொன்னதைக் கேட்டு மாற்றிவிட்டார்களா?" என்றாள் பெண். "கம்பெனிக்காரர்கள் மனத்தில் வேறு கணக்குகளும் இருந்திருக்கலாம். ஆனால் சொன்னது காதில் விழுந்தது நிச்சயம்" என்றேன்.

அதுவரையில் வாய் திறவாமலிருந்த ஆயா, கையை நீட்டி மணலிப் பக்கம் காட்டினார். "இந்த வெளிச்சம் ஒரு நாளைக்கு. அதோ எரியுதே, அது தினமும். அதைப்பத்தி எங்களை யார் கேட்டாங்க, சார்?" என்றார்.

தினமும் எரியும் வாணம்

மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-ல் வேலையைத் தொடங்கியது. அப்படிப்பட்ட ஆலைகளில் மிஞ்சும் வாயுவை அப்படியே வெளியே விட்டால் ஆபத்து. ஆகையால் உயர்ந்த குழாயின் உச்சியில் அதை எரித்துவிடுகிறார்கள். எந்த நிமிஷத்தில் வாயு வந்தாலும் பற்றிக்கொள்வதற்காக அங்கே ஒரு சிறு சுடர் அணையாமல் இருக்கும். புகை மிகாமலிருக்க நீராவியைக் கலப்பதுண்டு. சுருங்கச் சொன்னால், அந்தத் தீ பாதுகாப்புக்காகவே ஏற்பட்டது. அதைப் பழிப்பது நியாயமன்று.

ஆனால், அதன் கீழே வாழ்கிறவர்கள் அதைப் பார்க்கும் விதமே வேறு. சுடர் சிறிதாயிருந்தால் அவர்கள் தூங்குகிறார்கள். திடீரென்று பெரிதாகி வானம் சிவந்தால், காற்று எந்தத் திசையில் வீசுகிறதென்று பார்க்கிறார்கள். கரும்புகை எழுந்தால் ஜன்னலைச் சாத்துகிறார்கள். நாம் வாணத்தின் அழகை விமரிசனம் செய்கிறோம். அவர்களோ தீயை ஒரு கடிதத்தைப்போல வாசிக்கிறார்கள்.

இந்த வாசிப்பு வட சென்னைக்குப் புதிதன்று. 1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, அரை மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 130 குண்டுகளைச் சுட்டது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. அந்த வெளிச்சத்தைக் கண்ட ஆயிரக்கணக்கான ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் பட்டணத்தை விட்டே ஓடினார்கள். கப்பல் போய்விட்டது, 'எம்டன்' என்ற சொல் மட்டும் தமிழில் தங்கிவிட்டது. ராயபுரத்தில் பிறந்த தம் பாட்டி அந்த இரவைப்பற்றிச் சொன்னதை ஆயா எங்களுக்குச் சொன்னார். "வாணம்னு நினைச்சுத்தான் முதல்ல வாசலுக்கு வந்தாங்களாம்!"

வெளிச்சமாவது எச்சரிக்கை கொடுக்கிறது. 2023 டிசம்பர் 26-ந் தேதி நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்துக்கு அருகே, கடலடிக் குழாய் ஒன்றிலிருந்து அம்மோனியா கசிந்தபோது வானத்தில் ஒரு பொறியும் தோன்றவில்லை. மூச்சுத் திணறியே ஜனங்கள் விழித்தெழுந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அன்று முதல் வெளிச்சத்தைப் பார்ப்பதோடு மோந்து பார்க்கவும் பழகிக்கொண்டதாக ஆயா சொன்னார்.

கேட்கவேண்டிய கேள்வி

பிளாரிடாவில் சீட்டு வாங்கி ஒரு இரவு பார்த்தவர்கள், "எங்கள் காட்சியை ஏன் மாற்றினீர்கள்?" என்று உரிமையோடு கேட்டார்கள். சாத்தாங்காட்டு ஜனங்கள் சீட்டு வாங்கவில்லை. ஆனால் ஐம்பது வருஷத்துக்கு மேலாக முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய அபிப்பிராயத்துக்கு மதிப்பு அதிகமா, குறைவா? 2006-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி பெரிய தொழிற்சாலை வருமுன் ஜனங்களின் கருத்தைக் கேட்கும் கூட்டம் நடத்தவேண்டும் என்பது பொதுவான விதி. நல்ல விதிதான். ஆனால் விளக்கை ஏற்றுவதற்கு முன் ஒரு தரம் கேட்டால் போதுமா? அது எரிந்துகொண்டிருக்கும் காலமெல்லாம் கேட்க வேண்டாமா? "இன்றிரவு சுடர் பெரிதாக எரியும், காரணம் இது, பயம் வேண்டாம்" என்று தமிழில் ஒரு வரி அவர்களுடைய செல்போனுக்கு வந்தால் எத்தனை வீடுகள் நிம்மதியாய் உறங்கும்!

வேலை செய்வதற்குத் தொழிற்சாலை வேண்டும். ஆனந்திப்பதற்கு வாணமும் வேண்டும். இரண்டையும் அளப்பதற்கு ஒரே அளவுகோல்தான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இரவில் எவ்வளவு ஜொலித்தது என்று கேட்பது பாதிக் கேள்வி. காலையில் என்ன மிஞ்சியது என்று கேட்பதே முழுக் கேள்வி. எப்காட் ஏரியில் மிதவைகள் மிஞ்சின. சாத்தாங்காட்டில் மறுநாள் பொழுது விடிந்தபோது தெருவெல்லாம் காகிதக் குப்பையும், தாழ நின்ற புகையும் மிஞ்சியிருந்தன. தூய்மைப் பணியாளர்களான ஸ்திரீகள் இருவர், முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு ஒன்றும் பேசாமல் அதைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் இரவில் அவர்கள் எந்த மாடியிலிருந்து வாணம் பார்த்தார்களோ, அல்லது பார்க்கவே இல்லையோ?

மணலிப் பக்கம் சுடர் சிறியதாய், பகல் வெளிச்சத்தில் இருப்பது தெரியாமல் எரிந்துகொண்டிருந்தது. வட சென்னையின் வானத்துக்குப் பொறுப்பானவர்கள் ஒரே ஒரு இரவாவது சாத்தாங்காட்டுக்கு வந்து அதைக் கீழேயிருந்து பார்க்கவேண்டும். அதற்கு அனுமதிச் சீட்டு ஒன்றும் தேவையில்லை. ஆயாவே பாய் விரித்துப் போடுவார்.