பிடித்தம் போக எவ்வளவு?

ஜீவனாம்ச வழக்குக்கு வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்பது, "எத்தனை பர்சென்ட் சார் வரும்?" கணவரின் நிகரச் சம்பளத்தில் கால் பங்கு என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது எப்படியோ ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அது மனைவிக்குச் சொன்ன அளவு. குழந்தைக்கு இத்தனை சதவீதம் என்று நம் சட்டத்தில் அட்டவணை எதுவும் கிடையாது. குழந்தைக்கு என்ன தேவை, அப்பாவுக்கு என்ன வருமானம், அம்மாவுக்கு என்ன வருமானம் என்று மூன்றையும் காகிதத்தில் காட்டியாக வேண்டும். காட்டத் தெரியாதவர்களுக்குக் குறைவாகத்தான் கிடைக்கும்.

2022-ல் மதுரை குடும்ப நல நீதிமன்றத்தில் நான் நடத்திய வழக்கு ஒன்றில் இதைக் கண்கூடாகப் பார்த்தேன். அந்தம்மா ஜவுளிக்கடை பில்லிங் கவுண்டரில் வேலை பார்த்தார். கைக்கு வருவது 15,000. நான்காம் வகுப்பு படிக்கும் மகள் அவரோடு இருந்தாள். "எனக்கு ஒண்ணும் வேணாம் சார், புள்ளைக்கு மட்டும் போடுங்க" என்றார். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ன் கீழ் மனு போட்டோம். (அந்தப் பிரிவு 2024 ஜூலை முதல் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144 ஆகிவிட்டது.)

செலவுப் பட்டியல் எழுதி வரச் சொன்னேன். பள்ளிக் கட்டணம், வேன், டியூஷன், வீசிங் மருந்து, சாப்பாடு, துணிமணி என்று ஒரு நோட்டுத் தாளில் 10,900 வந்தது. வாடகையைக் காணோம். கேட்டால், "வீடு எனக்குத்தானே சார்" என்றார். அந்த வீட்டில் பிள்ளையும்தானே இருக்கிறது! வாடகை 6,000-ல் பாதி 3,000. கடை மூடி இவர் திரும்ப இரவு ஒன்பது ஆகும். அதுவரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு 1,500. கரன்ட் பில், கேஸில் 600. ஆக மொத்தம் 16,000. நான் பார்த்த அம்மாக்களில் பலர் இப்படித்தான், குழந்தையின் செலவில் பாதியைத் தங்கள் செலவு என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

எதிர்த்தரப்பு மில்லில் சீனியர் டெக்னீஷியன். மொத்தச் சம்பளம் 48,000. சம்பளச் சீட்டின் அடியில் நிகரம் 26,820 என்று இருந்தது. "இதிலே அம்மாவையும் பார்க்கணும், அவளும் சம்பாதிக்கிறா, 4,000 தர்றேன்" என்பது அவர் நிலை. எனக்கு அடிவரியில் அக்கறை இல்லை, நடுவில் இருந்த பிடித்தங்களில்தான். கட்டாய பி.எஃப். 2,880. விருப்பத்தின் பேரில் கூடுதல் பி.எஃப். 5,000. கூட்டுறவுச் சங்கக் கடன் 9,500. எல்.ஐ.சி. 2,800. பண்டிகை முன்பணம் 1,000.

வருமான வரியையும் கட்டாய பி.எஃப்.பையும்தான் கழிக்கலாம், ஒருவர் தானாகப் போட்டுக்கொள்ளும் சேமிப்பைக் கழிக்க முடியாது என்று 1970-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் கணக்கில் இவருடைய நிகரம் 45,120. வரி ஏதும் பிடிக்கப்படவில்லை.

2020 நவம்பரில் நீதிபதிகள் இந்து மல்ஹோத்ரா, சுபாஷ் ரெட்டி அமர்வு தந்த தீர்ப்புக்குப் பிறகு, இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். அதில் சங்கக் கடன் வாங்கிய தேதி இருந்தது. நம் நோட்டீஸ் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்த அடுத்த மாதம்!

குறுக்கு விசாரணையில் எதற்காக வாங்கிய கடன் என்று கேட்டேன்.

"அம்மா கண் ஆபரேஷனுக்கு."

"எவ்வளவு?"

"மூணு லட்சம்."

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். "மதுரையில இருந்துக்கிட்டு கண் ஆபரேஷனுக்கு மூணு லட்சமா?" என்று மட்டும் கேட்டார். நான் அதற்கு மேல் அந்தக் கடனைத் தொடவே இல்லை.

அம்மாவும் சம்பாதிக்கிறார் என்ற வாதம் லேசானதல்ல. தாயும் தந்தையும் வேலை பார்த்தால் குழந்தையின் செலவை அவரவர் வருமான விகிதத்தில் சுமக்க வேண்டும் என்பது 2000-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழி. அந்த வழக்கில் இரண்டுக்கு ஒன்று என்று பிரித்தார்கள். நானே அதை எடுத்துக் கொடுத்தேன். 45,000-க்கு 15,000 என்றால் மூன்றுக்கு ஒன்று. தாயின் சம்பளத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் முக்கால் பங்கு அவர் தலையில்தான் விழுந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் அதற்குப் பிறகு அந்த வாதத்தை இழுக்கவில்லை. பிள்ளையைக் காட்ட மறுப்பதாகவும் ஒரு குறை சொன்னார்கள். பார்க்கும் உரிமைக்குத் தனி மனு உண்டு, அதைச் சொல்லிச் சாப்பாட்டுக் காசை நிறுத்த முடியாது.

நீதிபதி தேவையை 14,000 ஆகக் குறைத்து எடுத்துக்கொண்டார். அதில் முக்கால் 10,500. வயதான தாயும் அவர் பொறுப்பில் இருப்பதால் 500 தள்ளி, மாதம் 10,000, மனுப் போட்ட தேதியிலிருந்து. அந்தத் தேதிதான் கட்சிக்காரர்கள் கவனிக்காமல் விடுவது. வழக்கு 16 மாதம் ஓடியிருந்தது. இடைக்காலமாக 5,000 வந்துகொண்டிருந்தது. வித்தியாசம் 80,000-ஐ ஐந்து தவணையில் கட்டச் சொன்னார். கட்டாவிட்டால் பாக்கி வைக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. ஆனால் பாக்கி விழுந்த ஒரு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். இதை அந்தம்மாவிடம் எழுதியே கொடுத்தனுப்பினேன். நல்லவேளை, தேவைப்படவில்லை.

பெண் இப்போது மேல் வகுப்புக்குப் போய்விட்டாள், கட்டணமும் ஏறிவிட்டது. தொகையை உயர்த்தக் கேட்டுப் புதுச் சட்டத்தின் 146-ல் மனு போட்டிருக்கிறோம். அவருடைய புதுப் பிரமாணப் பத்திரத்தில் சங்கக் கடன் இல்லை, வீட்டுக் கடன் வந்திருக்கிறது. வாய்தா அடுத்த மாதம்.