நாராவுக்கு அரை நாள் போதுமா?

“நாராவா? அரை நாள் போதும் அண்ணே. மானுக்கு பிஸ்கட் போடுங்க, பெரிய புத்தரைப் பாருங்க, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒசாகா வந்துடலாம்.”

ஒசாகாவில் ஏழு வருடமாக வேலை பார்க்கும் தம்பி ஒருவர் இப்படிச் சொன்னதோடு, மணிக்கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். ஏழு வருடத்தில் எத்தனை முறை நாராவுக்குப் போயிருக்கிறார் என்று கேட்டேன். ஒரே ஒரு முறை. அதுவும் மழையில்.

அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலை ஒசாகா-நம்பா ஸ்டேஷனுக்குப் போனேன். கிந்தெட்ஸு என்ற தனியார் ரயில். நாராவுக்கு 680 யென், நம் காசுக்கு நானூறு ரூபாய்க்கு ஒட்டி வரும். ஜேஆர் ரயிலும் உண்டு. ஆனால் அந்த ஸ்டேஷனில் இறங்கினால் கோயில்களுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் கூடுதலாக நடக்க வேண்டும். கியோட்டோவில் தங்கியிருப்பவர்களும் கிந்தெட்ஸுவிலேயே வரலாம். அங்கிருந்து 760 யென்.

மானையும் புத்தரையும் தவிர எனக்கு இன்னொரு காரியமும் இருந்தது. 736-இல் தென்னிந்தியாவைச் சேர்ந்த துறவி ஒருவர் சீனா வழியாகக் கடல் கடந்து இந்த ஒசாகா கரையில்தான் வந்து இறங்கினார். பெயர் போதிசேனர். அன்றைக்குத் துறைமுகத்தின் பெயர் நானிவா. அதே இரண்டு எழுத்துகளைத்தான் இன்றைக்கு ‘நம்பா’ என்று வாசிக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் இவரைப் பற்றி வருகிற செய்திகளிலெல்லாம் ‘மதுரைத் தமிழர்’ என்று உறுதியாகப் போட்டிருக்கும். பழைய ஜப்பானியக் குறிப்புகள் அவரைத் தென்தேசத்துப் பிராமணர், பாரத்வாஜர் என்றுதான் சொல்கின்றன. மதுரை என்று எங்காவது கண்ணால் படிக்கக் கிடைக்கிறதா, பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

வண்டியில் இடது பக்கம் உட்காருங்கள். இருபது நிமிடம் போனதும் ரயில் மலைச்சரிவில் ஏறுகிறது. ஒசாகா முழுவதும் கீழே சாம்பல் நிறத்தில் விரிகிறது. பிறகு நீண்ட சுரங்கம். அந்தப் பக்கம் வெளியே வந்தால் நாரா மாவட்டம். சைதாய்ஜி ஸ்டேஷனைத் தாண்டியதும் திடீரென்று கட்டடங்கள் விலகி, பொட்டல்வெளி வருகிறது. இடது பக்கம் தூரத்தில் ஒரு பெரிய சிவப்பு மண்டபம், வலது பக்கம் ஒரு சிவப்பு வாசல். 710 முதல் 784 வரை ஜப்பானின் தலைநகரம் இங்கேதான் இருந்தது. இது அதன் அரண்மனை வளாகம். வாசலை 1998-லும் மண்டபத்தை 2010-லும் புதிதாகக் கட்டினார்கள். தண்டவாளம் அரண்மனைக்கு நடுவிலேயே போகிறது. ஒரு நிமிடத்தில் எல்லாம் பின்னால் போய்விட்டது.

நாரா ஸ்டேஷன் தரைக்கு அடியில். மேலே ஏறி வந்ததும் நீரூற்றின் நடுவில் ஒரு துறவியின் சிலை. கியோகி. ஊர் ஊராகப் போய்ப் பாலமும் குளமும் அமைத்தவர், பெரிய புத்தருக்காகக் காசு திரட்டியவர். நானிவா துறையில் போதிசேனரை எதிர்கொண்டு வரவேற்றவரும் இவர்தான். சிலையடியில் பள்ளிக்கூடப் பெண்கள் இரண்டு பேர் யாருக்காகவோ காத்துக்கொண்டு நின்றார்கள். நம் ஊரில் ‘காந்தி சிலைகிட்ட நில்லு’ என்பதுபோல இங்கே கியோகி.

தாளில் ‘பஸ் பிடிக்கவும்’ என்று இருந்தது. வேண்டாம். ஸ்டேஷனிலிருந்து தோதாய்ஜி கோயிலின் புத்தர் மண்டபம் ஒன்றரைக் கிலோமீட்டர்தான், லேசான ஏற்றம். வலது பக்கம் கோஃபுகுஜி கோயில். 1426-இல் கட்டிய 50 மீட்டர் உயர ஐந்தடுக்குக் கோபுரத்தைப் பார்க்கலாம் என்று போனால், பழுதுபார்ப்புக்காகச் சாரம் கட்டி முழுக்க மூடிவைத்திருக்கிறார்கள். படம் பார்த்து ஆசைப்பட்டுப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

அடுத்து மான்கள். ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. யாருடைய வளர்ப்பும் இல்லை, காட்டு மான்கள்தான். கசுகா கோயிலின் தெய்வம் வெள்ளை மான் ஏறி வந்தது என்பதால் இவற்றுக்கு இங்கே தனி மரியாதை. மான் பிஸ்கட் ஒரு கட்டு 200 யென். அரிசித் தவிட்டில் செய்தது, சர்க்கரை கிடையாது. மோந்து பார்த்தேன், மாட்டுக்குத் தவிடு கரைக்கிற வாசனை.

நாரா மான்கள் தலை வணங்கும், மரியாதை தெரிந்தவை என்று எல்லாரும் சொல்கிறார்கள். கால் மணி நேரம் நின்று பார்த்தேன். வணங்குவது உண்மை. ஆனால் வணக்கத்துக்கும் முட்டுக்கும் நடுவே மூன்று விநாடிதான் அவகாசம். முதல் கும்பிடு, இரண்டாவது கும்பிடு, அப்புறம் தொடையில் ஒரு இடி. இது மரியாதை இல்லை, கந்துவட்டிக்காரர் கேட்கிற முறை. மே மாதம் என்பதால் கொம்பு இன்னும் முற்றவில்லை. மேலே பழுப்பு வெல்வெட் சுற்றியதுபோல இருந்தது. அதனால் தப்பித்தேன். கடிக்கும், உதைக்கும், முட்டும், தள்ளும் என்று நான்கு படம் போட்ட எச்சரிக்கைப் பலகை அங்கேயே இருக்கிறது. அதை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு மான் பையில் இருந்த தாளை இழுத்துவிட்டது. பாதியைப் பிடுங்க முடிந்தது. ‘12.10 ரயில்’ என்ற கடைசி வரி மட்டும் என் கையில் மிஞ்சியது.

நன்தைமோன் என்கிற தெற்கு வாசல் 1199-இல் கட்டியது. மரம் சாயம் போய் வெளுத்திருக்கிறது. இரு பக்கமும் எட்டு மீட்டருக்கு மேல் உயரமான மரத் துவாரபாலகர்கள். 1203-இல் உன்கேய், காய்கேய் என்ற சிற்பிகளின் பட்டறை சுமார் எழுபது நாளில் செதுக்கி முடித்தவை. ஒருவர் வாய் திறந்திருக்கிறது, இன்னொருவர் வாய் மூடியிருக்கிறது. பொதுவாக வெளியே பார்த்து நிற்க வேண்டியவர்கள், இங்கே ஒருவரையொருவர் பார்த்து நிற்கிறார்கள். புறாவுக்காக வலை கட்டியிருப்பதால் கிட்டப் போய் எட்டிப் பார்த்தால்தான் கால் நரம்பு தெரிகிறது.

புத்தர் மண்டபம் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை காலை ஏழரைக்கே திறக்கிறது. நுழைவு 800 யென். எட்டு மணிக்கு நான் உள்ளே போனபோது முப்பது பேர் இருந்திருப்பார்கள். வெளியே வரும்போது மஞ்சள் தொப்பிக் குழந்தைகள் வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். காலையில் சீக்கிரம் எழுந்தது வீண் போகவில்லை.

புத்தர் உட்கார்ந்த நிலையில் 15 மீட்டர். ‘1,270 வருஷத்துப் புத்தர்’ என்று சொல்லிவிடுகிறார்கள். நின்று பார்த்தால் அப்படி இல்லை. முகத்தின் நிறமும் கீழே தாமரை இதழ்களின் நிறமும் வேறு வேறு. 1180-லும் 1567-லும் போரில் மண்டபம் எரிந்து, சிலையும் சிதைந்தது. இப்போதுள்ள தலை 1690-களில் வார்த்தது, கைகள் அதற்கும் முந்தைய ஒரு பழுதுபார்ப்பில் வந்தவை. ஆதியில் வார்த்த செம்பு பீடத்தின் இதழ்களில்தான் அதிகம் மிஞ்சியிருக்கிறது. மண்டபமும் அப்படியே. 1709-இல் கட்டியது, அகலம் 57 மீட்டர். முதல் மண்டபம் 86 மீட்டர் இருந்ததாம். அதன் மாதிரி வடிவம் உள்ளேயே ஒரு மூலையில் இருக்கிறது.

நான் அதிக நேரம் நின்றது ஒரு தூணுக்கு முன்னால். கட்டிப்பிடிக்க முடியாத கனம். ஒரே மரம் என்று நினைத்துத் தடவிப் பார்த்தால், நெடுக்காகக் கோடு கோடாக இணைப்பு. சின்ன மரங்களைச் சேர்த்து, சுற்றி இரும்புப் பட்டை போட்டு, ஆணி அறைந்து நிறுத்தியிருக்கிறார்கள். நம் ஊர் மரப் பீப்பாயை நெட்டுக்குத்தாக நிறுத்தின மாதிரி. 1700 வாக்கில் அந்த அளவுக்குப் பெரிய மரம் கிடைக்கவில்லை, அதுதான் காரணம். உத்தரங்கள் இரண்டுக்கு மட்டும் க்யூஷு தீவிலிருந்து முழு மரம் கொண்டுவந்தார்கள். புத்தருக்கு முன்னால் உள்ள வெண்கலப் பூஜாடியில் ஒரு வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்திருக்கிறது. கால்களை எண்ணினேன். எட்டு. மறுபடி எண்ணினேன். எட்டேதான்.

போதிசேனருக்கு வருவோம். 752-இல் இந்தச் சிலைக்குக் கண் திறந்தவர் அவர். நம்மூர் கோயில்களில் ஸ்தபதி கண் திறப்பதுபோல, இங்கே பெரிய தூரிகையால் கருவிழி வரைந்தார். தூரிகையில் நீளமான நீலப் பட்டுக்கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், எல்லாருமே சேர்ந்து கண் திறந்த புண்ணியத்துக்காக. இவ்வளவு பெரிய காரியம் செய்தவரின் பெயர் மண்டபத்தை இரண்டு சுற்றுச் சுற்றியும் என் கண்ணில் படவில்லை. வெளித் திண்ணையில் சிவப்புத் துணி போர்த்திய மரச்சிலை ஒன்று இருக்கிறது. நமக்கு வலி உள்ள இடத்தை அதில் தொட்டால் குணமாகுமாம். அது பிண்டோல பாரத்வாஜர் என்ற அருகரின் சிலை. பாரத்வாஜர் கிடைத்தார், நான் தேடியவர் இல்லை. முட்டியைத் தொட்டுவிட்டு வந்தேன்.

அந்தத் தூரிகையும் கயிறும் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. 1185-இல் பழுதுபார்த்த சிலைக்குக் கண் திறக்க அதே தூரிகையை மறுபடி எடுத்திருக்கிறார்கள். வைத்திருந்த இடம் ஷோசோயின் கருவூலம், மண்டபத்துக்குப் பின்னால் பத்து நிமிட நடை. தாளில் இது இல்லவே இல்லை. வழியில் பழைய பிரசங்க மண்டபத்தின் அடிக்கற்கள் புல்லுக்குள் கிடக்கின்றன, மான்கள் அவற்றின் மேல் படுத்து அசைபோடுகின்றன. ஷோசோயின் வார நாட்களில் மட்டும் பத்து மணி முதல் மூன்று மணி வரை. காசு இல்லை, வெளியிலிருந்து பார்க்கலாம். 33 மீட்டர் நீளம். ஆள் உயரத்துக்கு மேல் தூண்களில் தூக்கி நிறுத்திய, கட்டைமேல் கட்டை அடுக்கிய மரக் களஞ்சியம். நெற்குதிர் ஞாபகம் வந்தது. பொருள்களைப் பக்கத்தில் கான்கிரீட் கட்டடங்களுக்கு மாற்றிவிட்டார்கள். இலையுதிர் காலத்தில் அருங்காட்சியகத்தில் கொஞ்சம் எடுத்துக் காட்டுவார்கள். அங்கே என்னோடு இருந்தது மொத்தம் நான்கு பேர்.

அங்கிருந்து கிழக்கே நிகாட்சுதோ மண்டபத்துக்குப் போகும் கல்பாதைதான் நாராவிலேயே எனக்குப் பிடித்த இடம். இரு பக்கமும் மண்சுவர், சுவருக்குள் உடைந்த ஓடுகளை வரிவரியாகப் பதித்திருக்கிறார்கள். படி ஏறினால் மரப் பலகணி. கீழே புத்தர் மண்டபத்துக் கூரையின் இரண்டு தங்கக் கொம்புகள், அதற்கப்பால் ஊர், அதற்கும் அப்பால் காலையில் ரயில் துளைத்து வந்த மலை. இங்கும் கட்டணம் இல்லை. மார்ச் 1 முதல் 14 வரை இந்தப் பலகணியில் பெரிய தீப்பந்தங்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். 752-இல் தொடங்கியது, ஒரு வருடம்கூட நிற்கவில்லை. 1667-இல் அந்தச் சடங்கின்போதே கட்டடம் எரிந்து, இரண்டே வருடத்தில் திரும்பக் கட்டியது இது.

பக்கத்து ஓய்வறையில் தேநீர் இலவசம், குடித்த கோப்பையை நாமே கழுவி வைக்க வேண்டும். ஸ்டேஷனில் வாங்கிய ஊறுகாய்ப் பிளம் வைத்த சோற்று உருண்டைகள் இரண்டை அங்கே சாப்பிட்டேன், 320 யென். சைவக்காரர்கள் இப்படிக் கையில் எடுத்துப் போவதுதான் நல்லது. உடோன் சூப்பில் காய்கறி மட்டும் மிதந்தாலும் அடியில் கருவாட்டுச் சாறுதான். மணி பார்த்தேன். 12.10.

கசுகா கோயிலுக்குப் போகும் வழியில் இரண்டாயிரம் கல்விளக்குகள், பாசி பிடித்து, சாய்ந்தும் நிமிர்ந்தும். அவற்றுக்கு நடுவே மான் தலை நீட்டுகிறது. மற்றபடி கூட்டம், நான் நிற்கவில்லை. இரண்டு கிலோமீட்டர் இறங்கி நாராமாச்சி தெருக்களுக்கு வந்தேன். வீட்டு இறவாரங்களில் சிவப்புத் துணிக் குரங்குப் பொம்மைகள் தொங்குகின்றன. வீட்டுக்காரருக்கு வரும் கெடுதலை அவை வாங்கிக்கொள்ளுமாம். நம் ஊர் திருஷ்டிப் பொம்மையின் வேலை. அந்தத் தெருக்களின் நடுவில் கங்கோஜி கோயில். 718-இல் அசுகா என்ற ஊரிலிருந்து இங்கே இடம் மாறியபோது பழைய ஓடுகளையும் கூடவே கொண்டுவந்தார்கள். அவற்றில் சில இன்னும் கூரையில் இருக்கின்றன. எல்லாம் ஒரே சாம்பல் நிறம் என்று சொன்னார்கள்; பின்பக்கம் போய்ப் பார்த்தால் செம்மண், காவி, கருப்பு, புகை என்று நிறம் நிறமாக, ஒன்றின் வாய் இன்னொன்றுக்குள் நுழைந்திருக்கிறது. இந்த மாதிரி ஓடு வேய்வதற்கு இங்கே பெயர் ‘கியோகி வேய்ச்சல்’. ஸ்டேஷனில் நிற்கிற அதே கியோகி.

ஐந்தே முக்கால் வண்டி. கைப்பேசியில் அன்றைய நடை பதினேழு கிலோமீட்டர். ஹோர்யூஜி கோயில் பக்கம் போகவே இல்லை. அதை ஒரே நாளில் சேர்த்துத் திட்டம் போடாதீர்கள், நுழைவு மட்டுமே 2,000 யென், அவசரமாகப் பார்த்தால் வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும். வண்டி தோமியோ ஸ்டேஷனில் நிற்காமல் தாண்டியது. அதன் பக்கத்து மலையில் ரியோசென்ஜி கோயில். போதிசேனரின் சமாதி அங்கேதான் இருக்கிறது. புத்தர் உபதேசித்த கழுகுமலையின் பெயரையே அந்தக் கோயிலுக்கு வைத்திருக்கிறார்கள். இகோமாவில் இறங்கி எல்லா இடத்திலும் நிற்கும் வண்டிக்கு மாறினால் இரண்டாவது ஸ்டேஷன், அங்கிருந்து பஸ். நாராவுக்குப் போகிறவர்கள் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ரியோசென்ஜியையும் சேர்த்தால் ஒன்றரை நாள்.