பாளையங்கோட்டைப் பட்டாளமும் டாங்கா தேனீக்களும்

ஈஜிபுராவிலிருந்து பிரிகேட் ரோடு அப்படி ஒன்றும் தூரமில்லை. ட்ராஃபிக்தான் தூரம். போன ஞாயிறு பையனுக்கு ஷூ வாங்கக் குடும்பத்தோடு கிளம்பினோம். பிரிகேட் ரோடும் ரெசிடென்ஸி ரோடும் சேருகிற முனையில் ஒரு கல்தூண் நிற்கும், பார்த்திருப்பீர்கள். பதினோரு வருஷமாக அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறேன், ஒரு நாளும் நின்றதில்லை. பையன் நின்றான்.

"அப்பா, மெட்ராஸ் பயோனியர்ஸ்னா யாரு?"

"முதல் உலகப் போர்ல செத்துப்போன நம்ம பக்கத்து சிப்பாய்ங்கடா."

"நம்ம ஆளுங்க சண்டை எல்லாம் போட்டிருக்காங்களா?"

சுருக்கென்றது. டெல்லியில் வேலை பார்த்தபோது, ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று எங்கள் பேங்குக்கு வந்த ஒரு பெரியவர் அடிக்கடி சொல்வார்: மதராஸிக்குக் கணக்கு வரும், சண்டை வராது. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன், அதுதான் இப்போது உறுத்துகிறது. இத்தனைக்கும் நான் பாளையங்கோட்டைக்காரன். எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு பட்டாளம் இருந்தது: 63வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி.

1914 அக்டோபர் 16ஆம் தேதி பம்பாயிலிருந்து கப்பல்கள் கிளம்பின. மொத்தம் சுமார் 8,000 பேர். அதில் ஒரு பிரிவுக்குப் பெயர் 27வது பெங்களூர் பிரிகேட். எங்கள் ஊர்ப் பட்டாளம் அதில் இருந்தது. அந்தத் தூணுக்குரிய பயோனியர்களில் 61வது படையும் அதே கப்பல் கூட்டத்தில்தான் போனது. போன இடம் டாங்கா, இன்றைய தான்சானியாவின் துறைமுகம். அப்போது ஜெர்மனியின் காலனி.

கூத்தைக் கேளுங்கள். நவம்பர் 2ஆம் தேதி ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் முதலில் போய், ஊரை ஒப்படையுங்கள் என்று கெடு கொடுத்தது. துறைமுகத்தில் கண்ணிவெடி இருக்கிறதா என்று வேறு எதிரியிடமே விசாரித்தது! ஆடிட் வருகிறது என்று ஒரு நாள் முன்னால் போன் பண்ணிச் சொன்னால் எந்த பிராஞ்சில் என்ன கிடைக்கும்? ஜெர்மன் தளபதி லெட்டோவ் ஃபோர்பெக் மோஷியிலிருந்து ரயிலில் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். அப்படியும் அவரிடம் இருந்தது ஆயிரம் பேர் சுமார்தான்.

நம் ஆட்கள் இரண்டு வாரத்துக்கு மேல் கப்பலில் அடைந்து கிடந்தவர்கள். பல படைகளுக்குப் புறப்படும் சமயத்தில்தான் புது மாடல் ரைஃபிளைக் கையில் கொடுத்திருந்தார்கள். பழகக்கூட நேரமில்லை. நவம்பர் 4, நல்ல வெயில், ரப்பர் தோட்டத்துக்குள் நடக்கச் சொன்னார்கள். முன்னால் யார் சுடுகிறார்கள் என்றே தெரியாத அடர்த்தி. மெஷின் கன் சத்தத்தில் மரங்களில் இருந்த தேன்கூடுகள் கலைந்து, தேனீக்கள் மொய்த்துக் கொட்டின. (ஜெர்மன்காரன் தேனீக்குப் பயிற்சி கொடுத்து ஏவிவிட்டான் என்று ஒரு கதை பிற்பாடு கிளம்பியது. சும்மா! ஜெர்மன் பக்கமும் கொட்டு வாங்கியிருக்கிறார்கள்.) பாளையங்கோட்டைப் படை சிதறி ஓடியது. அதை மறைக்க நான் தயாரில்லை.

மறுநாள் மிச்சமிருந்தவர்கள் கப்பலேறினார்கள். இறந்தவர், காயம்பட்டவர் எல்லாம் சேர்த்து 800க்கு மேல். விட்டுவந்த ஐட்டங்கள்: 16 மெஷின் கன்கள், நூற்றுக்கணக்கில் ரைஃபிள்கள், 5, 6 லட்சம் தோட்டாக்கள். எதிரிக்கு முழு கிராண்ட்! இதை எந்தக் கணக்கில் எழுதினார்களோ, பிரிட்டனில் தோல்விச் செய்தியையே சில மாதம் வெளியே விடவில்லை.

பழி மட்டும் சிப்பாய் தலையில் விழுந்தது. கோழைகள் என்று அதிகம் ஏசி எழுதியவர் அங்கே உளவு அதிகாரியாக இருந்த மைனர்ட்ஸ்ஹாகன். அந்த ஆளின் டைரியே நம்பத்தகாதது, பல விஷயங்களைப் பின்னால் இட்டுக்கட்டியிருக்கிறார் என்று பிரையன் கார்ஃபீல்ட் 2007இல் ஒரு புத்தகமே போட்டார். அதோடு, 1880களில் மெட்ராஸ் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியன் போருக்கு லாயக்கில்லை என்று முடிவுகட்டியவர். அதற்கப்புறம் இங்கே ஆள் எடுப்பதே குறைந்துகொண்டு வந்தது. முப்பது வருஷம் ஒருவனை மூலையில் உட்கார வைத்துவிட்டு, திடீரென்று ஒரு நாள் தெரியாத காட்டில் இறக்கிவிட்டு, பார்த்தாயா உனக்கு வரவில்லை என்றால்?

1916இல் ஸ்மட்ஸ் படையெடுத்தபோது ரோல்ஸ் ராய்ஸ் கவச கார்களெல்லாம் வந்து இறங்கின. மழையில் அதுவும் சேற்றில் சிக்கியது. குதிரைகளை ட்செட்ஸி ஈ தீர்த்தது. சுமை தூக்கிய ஆப்பிரிக்கர்கள் பல்லாயிரக்கணக்கில் நோயிலும் பசியிலும் செத்தார்கள். லெட்டோவ் ஃபோர்பெக் அசரவில்லை. ஐரோப்பாவில் போர் முடிந்து இரண்டு வாரம் கழித்து, 1918 நவம்பர் 25ஆம் தேதிதான் சரணடைந்தார். நாலு வருஷம் பெரிய பெரிய ஜெனரல்களாலேயே பிடிக்க முடியாத மனிதர்.

இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் பையனிடம் சொன்னேன். தங்கமணி, "ஞாயித்துக்கிழமை வாங்கின ஷூவ இன்னும் போட்டுப் பாக்கல, ரெண்டு பேரும் ஆப்பிரிக்கா போயாச்சு" என்றாள்.

பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்: "ஓடினவங்க பேரு அந்தத் தூண்ல இருக்குமா?"

"அது பயோனியர்களுக்கு வெச்சதுடா. பாளையங்கோட்டைப் பட்டாளம் வேற."

"அப்போ தேனீ கொட்டினப்புறமும் திரும்பிப் போய் சண்டை போட்டவங்க அதுல யாராவது இருந்திருப்பாங்கல்ல?"

"இருந்திருப்பாங்க" என்றேன்.