தீயில் நந்தன், ரயிலில் கிந்தன்

கோமாளி என்றால் கூத்தில் கடைசி இடம் என்பது நெடுநாள் நினைப்பு. அதை மாற்றியவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்.

1908-இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். வறுமை அவர் பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திற்று. வில்லுப்பாட்டு மேடையும் நாடகக் கொட்டகையுமே பள்ளிக்கூடமாயின. நாடகத்தில் நகைச்சுவை நடிகராய் இருந்தவரை, 1930-களில் வளர்ந்த பேசும்படம் தன்பால் ஈர்த்துக்கொண்டது.

1944-இல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைது. பின் ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் 1947-இல் விடுதலை. சிறை அவர் சிரிப்பைப் பறிக்கவில்லை. 1949-இல், அண்ணா எழுதிய 'நல்லதம்பி' படத்தில், பக்திக் கதை சொல்லும் காலட்சேப வடிவத்திலேயே கிந்தனார் கதையைச் சொன்னார்.

நந்தன் கதையை நாமறிவோம். கோயிலுக்குள் செல்ல அவன் தீயில் இறங்க வேண்டியிருந்தது! கிந்தனோ ரயில் ஏறுகிறான், பட்டணத்தில் படிக்கிறான், கல்வி அதிகாரியாய் ஊர் திரும்புகிறான். தமக்குக் கிட்டாத கல்வியைக் கிந்தனுக்குக் கொடுத்தார் கலைவாணர்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பள்ளி சென்றவர் என் தந்தை. அக்காட்சியைக் கண்டு விழுந்து விழுந்து சிரிப்பார்; கிந்தன் ஊர் திரும்பும் இடத்தில் மட்டும் மௌனமாவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்கவும் வேண்டுமோ?

1957-இல் கலைவாணர் மறைந்தார். தோழர்களே! எதிரியை வசைபாடி வாயடைக்கலாம். அவன் மனம் மாறுமா? சிரித்த மனம் சற்றே திறக்கிறது. அந்த இடைவெளியில் அறிவை நுழைத்தவர் அவர். அக்கலையை நாமும் பயில்வோம்.