சட்டை நுனி

அந்த ஃபில்டரில் கீறல் போட்டது நான்தான். ஏழு வருஷமாக இதை யாரிடமும் சொல்லவில்லை.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஸ்டுடியோ அண்ணனிடம் 77 மில்லிமீட்டர் போலரைசர் ஃபில்டர் ஒன்று இருந்தது. தனுஷ்கோடிக்குப் படமெடுக்கப் போகிறேன் என்றதும், நான் கேட்காமலே எடுத்து நீட்டினார். "கடல்ல இது இல்லாம எடுக்காத தம்பி." முன்வளையத்தை மெல்லத் திருப்பினால் தண்ணீர் மேல் பளபளக்கும் வெளிச்சம் அடங்கி, அடியில் கிடக்கும் மணல் தெரியும். வேறு யாருக்கும் அவர் அதைக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அரிச்சல்முனையில் ஒரு பக்கம் ஆண்கடல், மறுபக்கம் பெண்கடல். விடிந்த நேரம், காற்று நின்றபாடில்லை. அரைமணியில் கண்ணாடி முழுக்க உப்புப் புள்ளி, நடுநடுவே பொடிமணல். புளோயரும் துணியும் வண்டியில் இருந்தன. வண்டி இருநூறு அடி தள்ளி நின்றது. வெயில் ஏறிவிடுமே என்ற அவசரத்தில் சட்டை நுனியை இழுத்து, வாயால் ஊதி, வட்டமாகத் தேய்த்தேன். நறநறவென்று ஏதோ விரலுக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் இன்னொரு சுற்று தேய்த்தேன்.

தெரியாமல் செய்ததில்லை. மணலில் இருப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். மோஸ் அளவில் அதன் கடினம் 7. கண்ணாடி ஐந்தரை பக்கம்தான். கண்ணாடியின் மேலுள்ள கோட்டிங்கோ முடியை விடப் பல மடங்கு மெல்லியது. அது இல்லாத வெறும் கண்ணாடி, ஒவ்வொரு பரப்பிலும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அந்தக் கோட்டிங் கெடக்கூடாது என்றுதான் சேர்ந்த முதல் நாளே அண்ணன் வரிசையைச் சொல்லியிருந்தார்: ஊது, நனை, ஒற்று, அப்புறம் துடை. கண்ணாடியைத் தலைகீழாகப் பிடித்து ஊதினால் தூசி கீழே விழும். உப்பு ஊதினால் போகாது. டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த லென்ஸ் டிஷ்யூவை மேலே வைத்தால் கரைந்து வரும், தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். கடைசியாகத்தான் சுத்தமான மைக்ரோஃபைபர் துணி, நடுவிலிருந்து வெளியே. போலரைசரில் எந்தத் திரவத்தையும் நேராக ஊற்றக்கூடாது. இரண்டு கண்ணாடிக்கு நடுவே படலம் ஒட்டியிருக்கிறது. ஓரத்தில் ஈரம் இறங்கினால் ஒட்டு விட்டுவிடும். இதையெல்லாம் புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஊருக்கு வந்து டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்த்தேன். சிலந்தி இழை போல வளைவு வளைவாகக் கோடுகள். டப்பாவில் போட்டு மூடித் திருப்பிக் கொடுத்தேன்.

"நல்லா வந்துச்சா?"

"நல்லா வந்துச்சுண்ணே."

அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

சில வாரம் கழித்துக் குளக்கரையில் ஒரு கல்யாண ஜோடியை எடுத்தார். கண்ணாடியில் வெயில் சாய்வாக விழுந்த படங்களிலெல்லாம், பால் கலந்தாற்போல் ஒரு வெளுப்பு. ஃபில்டரைக் கழற்றி ஜன்னலுக்கு நேரே பிடித்தார். பிறகு சாமான்களைத் துடைத்து வைக்கும் தம்பியைக் கூப்பிட்டார்.

"நான் புளோயர் அடிக்காமத் துடைக்கவே மாட்டேண்ணே" என்றான் அவன். உண்மை. என்னைவிடப் பொறுமையாகச் செய்வான். அண்ணன் நம்பவில்லை. கை எட்டும் தூரத்தில் மெமரி கார்டை வைத்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். அவன் ஒருமுறை என் பக்கம் பார்த்தான். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

அன்றோடு அவன் லென்ஸைத் தொடக்கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். மாதக்கணக்கில் லைட் ஸ்டாண்டு மட்டும் தூக்கினான். பிறகு ஒரு மொபைல் கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். ஃபில்டருக்கான பணத்தை அன்றைக்கே என்னால் கொடுத்திருக்க முடியும். அண்ணன் என்மேல் வைத்திருந்த நம்பிக்கை போய்விடுமே என்றுதான் பயந்தேன். அதைக் காப்பாற்ற, அவன்மேல் இருந்த நம்பிக்கையைப் பலிகொடுத்துவிட்டேன்.

அந்த போலரைசர் இன்னும் அண்ணன் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போகிறேன். அதற்கு முன்னால் மொபைல் கடைக்குப் போக வேண்டும். முதலில் அவனிடம் சொல்ல வேண்டும்.